பதவி என்ற கட்டம்

என் அக்காவின் கணவருக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. அதோடு சின்ன விமானம் ஓட்டும் தனியார் உரிமமும் வைத்திருந்தார். ஒன்பது வருடம் அக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம், இரண்டு முறை கோட்டை விட்ட தேர்வு என்று பாடுபட்டு வாங்கியது. அதனால் பேங்க்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் கேட்டாலும் தன்னை பைலட் என்றுதான் சொல்லிக்கொள்வார். வாயெல்லாம் பல்லாக.

தொலைவில் ஒரு துறைமுக ஊர். அங்கே ஆஸ்பத்திரி லிப்ட் மாதம் ஒருமுறையாவது மக்கர் செய்யும். சாலையில் போனால் பத்து மணி நேரம். மாமா, தான் உறுப்பினராக இருந்த விமான கிளப்பின் விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய் இறங்குவார். பெட்ரோல் செலவை நாங்கள் இருவரும் வேலை பார்த்த லிப்ட் கம்பெனி திருப்பிக் கொடுத்துவிடும். அதில் தப்பில்லை. சம்பளம் லிப்டுக்கு, விமானம் போய்ச்சேரும் வழி மட்டும். விமானம் ஓட்டுவதே வேலை என்று காசு வாங்கினால்தான் உரிமம் போகும்.

செலவுப் படிவத்தில் ‘பதவி’ என்று ஒரு கட்டம். ஒருநாள் மாமா அதில் ‘பைலட்’ என்று எழுதிவிட்டார். கணக்குப் பிரிவில் உட்கார்ந்து அதற்கு முத்திரை குத்திய மகானுபாவன் நான்தான். சிரித்துக்கொண்டே குத்தினேன். திருத்தச் சொல்லியிருக்கலாம்.

கிளப்பைச் சோதிக்க வந்த விமானத் துறை அதிகாரி, மாமாவின் பயணங்களைப் பார்த்துவிட்டு எங்கள் கம்பெனிப் படிவங்களையும் கேட்டு வாங்கினார். உரிமத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாமாவை வரச் சொன்னார். நானும் கூடப் போனேன்.

“பைலட்னு போட்டு காசு வாங்கியிருக்கீங்களே?”

“லிப்ட் ரிப்பேருக்குத்தான் போனேன் மேடம்.”

“அப்ப நீங்க பைலட்டா, மெக்கானிக்கா?”

“மெக்கானிக்னு சொல்லித் தொலைங்க மாமா” என்று காதைக் கடித்தேன்.

அதிகாரி நல்ல மனுஷி. வெள்ளைத்தாளை நகர்த்தி, “எழுதிக் குடுங்க, போதும்” என்றார். மாமா ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார்: ‘நான் பைலட் அல்ல. லிப்ட் மெக்கானிக்.’ கையெழுத்தும் போட்டார். உரிமம் கைக்கு வந்தது.

படியிறங்கும்போது, “தப்பிச்சோம் மாமா” என்றேன்.

“தப்பிச்சோம்” என்றார். கண் கலங்கியிருந்தது. “எவன் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன் மச்சான். நானே எழுதிக் குடுத்துட்டு வர்றேன்.”