நிரம்பிய கட்டம்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் கட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையே "அது எந்தக் கட்டத்துல வரும்?" என்பதுதான். கோபித்துக்கொள்ளவும் முடியாது, பேர் அத்தனை பொருத்தம்.

அது சக்கர நாற்காலி, ஊன்றுகோல், மடக்குக் கட்டில் எல்லாம் இரவல் கொடுக்கும் ஒரு சிறிய நிலையம். இலவசம்தான். கேட்டு எழுதி வைக்க வேண்டும், முறை வரும்போது வாங்கிப் போக வேண்டும், குணமானதும் திருப்பித் தர வேண்டும். முன்பெல்லாம் இந்த விவரங்கள் நான்கு தடி நோட்டுகளில் இருந்தன. கட்டம்மாதான் ஒரு புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மூலையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் தானே ஒரு டேட்டாபேஸ் செய்து, அதற்கு முகப்பாக ஒரு ஃபார்மும் வரைந்தாள். பெயருக்கு ஒரு கட்டம், முகவரிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, ஈமெயிலுக்கு ஒன்று. மொத்தம் இருபத்தாறு. பிறந்த குழந்தையைக் காட்டுவது மாதிரி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினாள்.

வீட்டிலும் அவள் கதை இதுதான். பருப்பு டப்பாவிலிருந்து பல்பு டப்பா வரை எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். அவள் கணவர் குழாய் ரிப்பேர்காரர், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். "என்னை எந்தக் கட்டத்துல போட்டு வெச்சிருக்கே?" என்று கேட்பார். "திருப்பித் தர வேண்டியவைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல" என்பாள் இவள்.

காலியான கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், அவளுக்கு இருப்புக் கொள்ளாது. போனில் கூப்பிட்டாவது நிரப்பிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவாள். நிரம்பிய கட்டத்தையோ ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டாள். நிரம்பியாகிவிட்டது, அப்புறம் அதில் பார்க்க என்ன இருக்கிறது? இந்த ஒரு குணம்தான் அவளை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நன்றாகப் பந்தாடியது.

அந்த ஈமெயில் கட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு வம்பு இருந்தது. தொட்டால் திறக்கும் இணைப்பாக அதை அமைத்திருந்தாள். ஆனால் ஈமெயில் முகவரியைத் தட்டிவிட்டு அதைத் தொட்டால், கம்ப்யூட்டர் அதை ஏதோ வலைப்பக்கம் என்று நினைத்துக்கொண்டு பிரவுசரைத் திறந்து, "பக்கம் கிடைக்கவில்லை" என்று கையை விரித்துவிடும். நாலு வருடத்துக்கு முன் பிரிண்டரைப் பார்க்க வந்த மெக்கானிக் ஒரே ஒரு பதிவில் மட்டும் ஏதோ திருத்திக் காட்டினார். அதைத் தொட்டதும் அழகாக மெயில் எழுதும் ஜன்னல் திறந்தது. அது ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவரின் பதிவு. காலை உடைத்துக்கொண்டு ஊன்றுகோல் வாங்கிப் போனவர், எப்போதோ குணமாகித் திருப்பியும் கொடுத்துவிட்டார். இருபத்தாறு கட்டமும் நிரம்பிய பதிவு என்பதால் கட்டம்மாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

மெக்கானிக் செய்த வித்தை அவளுக்குப் புரியவில்லை, ஆனால் குறுக்குவழி ஒன்று புரிந்தது. டிரைவர் பதிவை அப்படியே நகல் எடுத்து, மேலே புது ஆளின் விவரங்களைத் தட்டினால், நல்ல ஈமெயில் கட்டமும் கூடவே வந்துவிடுகிறதே! அன்றிலிருந்து மெயில் முகவரியோடு வருகிறவர்களுக்கெல்லாம் இதே வழிதான். தொட்டாள், ஜன்னல் திறந்தது. 'யாருக்கு' என்ற இடம் தானாகவே நிரம்பியிருந்தது. நிரம்பியதை எதற்குப் பார்ப்பது?

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

நிலையத்தில் ஒரே ஒரு மின்சாரச் சக்கர நாற்காலிதான் உண்டு. அது புதன்கிழமை திரும்பி வந்தது. வரிசையில் முதலில் இருந்தவர் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர். எட்டு மாதமாகக் காத்திருக்கிறார். பெயர் பதிய வந்த அன்று அவர் மனைவி அவரைச் சுழலும் ஆபீஸ் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். தினமும் கடைக்குப் போவதும் அப்படித்தானாம். மழை வந்தால் கடை கிடையாது. இரண்டு பேருக்குமே காது கேட்காது. கட்டம்மாவோடு ஒரு மணி நேரம் தாளில் எழுதியே பேசினார்கள். போன் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்து இவள் முகம் சுருங்கவே, அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் காட்டினார்: "மெயில் போடுங்க. தினமும் பார்ப்பேன். எத்தனை மாசம் ஆனாலும் பார்ப்பேன்."

புதன்கிழமையே கட்டம்மா மெயில் போட்டுவிட்டாள். "வணக்கம். நீங்கள் கேட்ட மின்சார நாற்காலி தயார். வெள்ளி மாலை நான்கு மணிக்குள் 'சரி' என்று பதில் எழுதவும்." எல்லோருக்கும் போகும் அதே வாசகம்தான், பெயர்கூடப் போடுவதில்லை. நாலு மணிக்கு நாற்காலியை ஏற்ற வண்டி வரும். மாதத்துக்கு ஒரே ஒரு வண்டி. பதில் வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்தவரும் ஏழு மாதமாகக் காத்திருப்பவர்தான், அவரைக் குறை சொல்லவும் வழியில்லை.

மூன்று மணி சுமாருக்கு, நிலையத்துக்கு வந்த மெயில்களைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் தன் அறையிலிருந்தே குரல் கொடுத்தார். "கட்டம்மா, பதில் வந்துடுச்சு. அவருக்கு நாற்காலி வேண்டாமாம். அடுத்தவருக்கு போன் போட்டுடவா?"

"வேண்டாமா? சரியா படிங்க சார்."

"'வேண்டாம் அம்மா. நான் நன்றாகத்தான் நடக்கிறேன். தினமும் நான்கு கிலோமீட்டர். வேறு யாருக்காவது கொடுங்கள்.' இதுக்கு மேல என்ன சரியா படிக்கிறது?"

கட்டம்மா எழுந்த வேகத்தில் அவள் நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. எட்டு மாதத்தில் எழுந்து நடந்துவிட்டாரா? அதுவும் நாலு கிலோமீட்டரா? மேனேஜரின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள். அனுப்பியவர் பெயர்: 'நெடுஞ்சாலை மன்னன்'.

"இது அவர் இல்ல சார்."

"ஏதோ விளையாட்டா வெச்ச பேருன்னு நெனச்சேன்" என்றார் மேனேஜர்.

கட்டம்மா தன் இடத்துக்கு ஓடினாள். ஃபார்மில் வாட்ச்காரரின் முகவரி சுத்தமாகத்தான் தெரிந்தது. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய், தொடாமல், பொறுமையாக நிறுத்தினாள். பக்கத்தில் சின்ன எழுத்தில் இணைப்பின் உண்மையான முகவரி எட்டிப் பார்த்தது. அது லாரி டிரைவருடையது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டும்தான் அவள் மாற்றியிருக்கிறாள், அடியில் இருந்த முகவரி நகலோடு நகலாக அப்படியே வந்திருக்கிறது. முந்தைய பதிவைப் பார்த்தாள். டிரைவர். அதற்கும் முந்தையதைப் பார்த்தாள். அங்கேயும் டிரைவர்! நாலு வருடமாக யார் யாருக்கோ போட்ட மெயிலெல்லாம் ஒரே மனிதர் வீட்டில் போய்க் குவிந்திருக்கிறது. மற்றவர்களை மெயிலுக்குப் பிறகு போனிலும் கூப்பிடுவாள், அதனால் காரியம் எப்படியோ நடந்துவிட்டது. போன் இல்லாமல் வந்த முதல் ஆள் வாட்ச்காரர்தான்.

மேனேஜர் முன்னால் போய் நின்று, "தப்பு என்னோடதுதான் சார். அவருக்கு மெயிலே போகல" என்றாள். அதைச் சொல்லும்போது காது மடல் சுட்டது. பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவள் சொன்ன முதல் 'தப்பு' அது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இப்ப அனுப்புங்க. ஆனா நாலு மணிக்குள்ள அவரே 'சரி'ன்னு எழுதணும். அவர் சார்புல நாம எழுதிக்க முடியாது. அடுத்தவர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

முகவரியை ஒவ்வொரு எழுத்தாகக் கையால் தட்டி அனுப்பினாள். மூன்று பத்து. மூன்று இருபது. பதில் இல்லை. வாட்ச் கடை பஸ்ஸில் போனாலே ஒரு மணி நேரம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிரைவரிடமாவது மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் பதிவைத் திறந்தாள். போன் நம்பருக்கு மேலே முகவரி இருந்தது. அந்தத் தெருப் பெயரை இப்போதுதானே வாட்ச்காரர் பதிவில் பார்த்தாள்! உடனே நம்பரை அழுத்தினாள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு டிரைவர் வெடித்துச் சிரித்தார். "அப்போ அதெல்லாம் எனக்கு வந்தது இல்லையா? கட்டில் தயார்ங்கிறீங்க, வாக்கர் தயார்ங்கிறீங்க, போன வருஷம் ஆக்சிஜன் மெஷின் தயார்னு வந்துச்சு. என் சம்சாரம் பயந்தே போயிட்டா. நான்தான் சொன்னேன், பாவம், அந்த ஆபீஸ்ல யாரோ நம்ம மேல உசிரா இருக்காங்கன்னு. மின்சார நாற்காலி வரைக்கும் வந்ததும்தான் மனசு கேக்கல. நமக்கு எதுக்கு இவ்வளவுன்னு எழுதிட்டேன்."

"மன்னிச்சுடுங்க ஐயா. இப்ப ஒரு உதவி வேணும். உங்க தெருவுல ஒரு வாட்ச் கடை இருக்கா?"

"தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கப் போறேன். என்ன சொல்லணும்?"

"சொன்னா அவருக்குக் கேக்காது. மெயிலைப் பாருங்கன்னு தாள்ல எழுதிக் காட்டணும்."

"இதோ, செருப்பு மாட்டியாச்சு" என்று போனை வைத்தார்.

மூன்று முப்பத்தைந்து. மூன்று நாற்பது. கட்டம்மா உட்காரவில்லை. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பாழாய்ப்போன வண்டி, மற்ற மாதமெல்லாம் ஆடி அசைந்து ஐந்து மணிக்கு வரும், இன்றைக்கென்று முன்னாலேயே வந்து நிற்கிறது. மேனேஜர் தன் அறை வாசலில் வந்து நின்றார். அவர் கையில் போன் இருந்தது, ஆனால் எந்த எண்ணையும் அழுத்தவில்லை.

மூன்று ஐம்பத்து மூன்றுக்குத் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. "சரி. சரி. சரி. ஒரு வாட்ச்சுக்குள் தலையை விட்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்து தாளை நீட்டினார். நான் இதை அனுப்பும்வரை நகர மாட்டேன் என்று எதிரே நிற்கிறார். மனைவி அழுகிறாள், சந்தோஷத்தில்தான்."

கட்டம்மாவும் அழுதாள். மேனேஜர் அவசரமாக வண்டிக்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுக்க அவள் தன் ஃபார்மை உட்கார்ந்து பழுது பார்த்தாள். ஈமெயில் கட்டத்தை வெறும் எழுத்துக் கட்டமாக மாற்றினாள், இனி அடியில் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தாள். அதை அழுத்தினால் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் முகவரியையே எடுத்துக்கொண்டு மெயில் ஜன்னல் திறக்கும். இரண்டே வரிக் கட்டளைதான், அதே பழைய புத்தகத்தில், அவள் புரட்டாமல் விட்ட பக்கத்தில் இருந்தது. பிறகு அறுநூற்றுச் சொச்சம் பதிவுகளையும் ஒன்றுவிடாமல், நிரம்பிய கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தாள். நாற்பத்தொரு பேர் டிரைவரின் முகவரியைச் சுமந்துகொண்டிருந்தார்கள். சமையலறை டப்பாக்களையும் அதே சூட்டில் திறந்து பார்த்தபோது, பருப்பு என்று ஒட்டிய ஒன்றில் ரவை இருந்தது. கணவர் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்.

வேலை முடிந்த அன்று டிரைவருக்கு போன் போட்டாள். "இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது ஐயா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

"அப்போ இனிமே ஒண்ணுமே வராதா?" என்று கேட்டார் அவர். "வந்துக்கிட்டு இருந்துச்சும்மா. பழகிடுச்சு."

கட்டம்மா போனை வைத்துவிட்டு அவர் பதிவைத் திறந்தாள். புதுப் பொத்தானை அழுத்தினாள். ஜன்னல் திறந்ததும் 'யாருக்கு' என்ற இடத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்தாள். அவருடையதேதான். எப்போதும் ஒட்டும் வாசகத்தை விட்டுவிட்டு, தானே யோசித்துத் தட்டினாள்: "வணக்கம் ஐயா. கால் எப்படி இருக்கிறது? வாட்ச்காரர் நேற்று மழையிலும் கடை திறந்தாராம்." நாலு வருடத்தில் அவருக்கென்றே அவள் எழுதிய முதல் மெயில் அது.