பெட்டி வாங்கினால் மெட்ராஸ் இலவசம்

மலைக்கோட்டைக்குக் கீழே, எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்து நிற்க வேண்டிய ஒரு சந்தில் மீரான் பாய் டிரங்குப் பெட்டி விற்றார். அதே சந்தில் இன்னும் நாலு பேர் விற்றார்கள். விலையும் அவர்களிடம்தான் குறைவு. ஆனாலும் மெட்ராஸ் போகிறவர்கள் எல்லாரும் மீரான் பாயிடமே வாங்கினார்கள். அவரிடம் பெட்டி வாங்கினால் மெட்ராஸ் இலவசம்.

"எழும்பூர்ல இறங்கின உடனே பெட்டியைக் கீழ வைக்காதீங்க. வெச்சா போர்ட்டர் தூக்கிடுவார், அப்புறம் அவர் சொன்னதுதான் கூலி. ஜட்காக்காரர் என்ன கேட்டாலும் பாதியைச் சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம நடங்க, பின்னாலேயே வருவார். 'நீ'ன்னுதான் பேசுவார், கோவப்படாதீங்க, அந்த ஊர்ல அதுதான் மரியாதை. மூர் மார்க்கெட்டுல பேனா வாங்கினா எழுதிப் பாத்து வாங்குங்க. பீச்சுல செருப்பைக் கழட்டினா கையிலயே வெச்சுக்குங்க."

"நீங்க மெட்ராஸ் போயிருக்கீங்களா பாய்?" என்று யாராவது கேட்டால், "போகாமயா?" என்பார்.

பாருங்கள், அதில் பொய்யே கிடையாது. வெறும் கேள்வி. மனிதர் வடக்கே லால்குடியைத் தாண்டியதில்லை. லால்குடிக்குப் போனதும் பெண் பார்க்கத்தான். சொன்னதெல்லாம், மெட்ராஸ் போய்விட்டுப் பூட்டு ரிப்பேருக்கு வந்தவர்களின் வாயைக் கிளறிப் பிடுங்கியது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கான்வென்ட் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிற நானும், ஊரோடு சேர்ந்து வாயைப் பிளந்து நம்பினவள்தான்.

அவர் மனைவி சாரா பீவி லால்குடிப் பெண். மாப்பிள்ளைக்கு மெட்ராஸ் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லித்தான் சம்பந்தமே பேசி முடித்தார்கள். அவளுக்கோ கடல் பார்க்க வேண்டும் என்று உயிர். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் என்றார், மழை என்றார், ஒரு வருஷம் கடலில் மராமத்து வேலை நடப்பதாகக்கூடச் சொல்லிப் பார்த்தார். கடை படுத்தாலும் அவர் தாங்கியிருப்பார். தான் போனதே இல்லை என்று சாராவுக்குத் தெரிந்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவருடைய பயம்.

அந்தப் பயத்துக்கு வினையாக வாய்த்தவள் நான். 1959 மே மாதம், சாந்தோமில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பெட்டி வாங்கப் போனேன். கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாராவின் குரல் வந்தது.

"என்னங்க, லூர்துராணி டீச்சர் தனியாவா போறாங்க? நாமளும் துணைக்குப் போவோமே."

கடை நிறைய ஆட்கள். மறுத்தால் மானம் போகும். "போயிட்டாப் போச்சு" என்றார். நானோ, மெட்ராஸைக் கரைத்துக் குடித்தவர் கூட வருகிறார், நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று அண்ணனுக்குக் கார்டு போட்டுவிட்டேன்.

எழும்பூரில் இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம், பெட்டியைக் கீழே வைத்தது. போர்ட்டர் கை வைப்பதற்குள் சாரா அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்ததும் அவர் அண்ணாந்து பார்த்தார். திருச்சிக்காரர் புத்தி. எங்கே நின்றாலும் மலைக்கோட்டை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் காலை எடுத்து வைப்போம். அங்கே மலையாவது, கோட்டையாவது? காக்காய்தான் பறந்தது.

"எங்க போவணும் நைனா? சாந்தோமா? மூணு ரூபா குடு" என்றார் ஜட்காக்காரர்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார் மீரான் பாய், கும்பிடாத குறையாக.

அதற்குள் சாரா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "ஒண்ணரை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள். குதிரை அவள் பின்னாலேயே வந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சாரா ராஜ்ஜியம்தான். திரைக்குப் பின்னால் கேட்டதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மூர் மார்க்கெட்டில் பேனாவை எழுதிப் பார்த்தே அரைப் புட்டி மையைத் தீர்த்தாள். பாய் வாய் திறக்காமல் பின்னால் வந்தார்.

கல்யாணத்துக்கு மறுநாள் சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். தண்ணீர் ஓரம் வந்ததும் பாய் அப்படியே நின்றுவிட்டார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், வாய் தன்னாலே கேட்டுவிட்டது.

"அக்கரை எங்க?"

பக்கத்தில் நின்ற சுண்டல்காரர் சிரித்த சிரிப்பில் பாதிச் சுண்டல் மணலில் கொட்டியது. பாய்க்குத் தான் கேட்டது அப்புறம்தான் உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"சாரா, நான் இந்த ஊருக்கு வந்ததே இல்ல" என்றார்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆன மொத வாரத்துலேர்ந்து. கடல்ல படித்துறை உண்டான்னு கேட்டேன். பொம்பளைங்களுக்குத் தனியா ரெண்டு இருக்குன்னீங்க. எங்க அத்தா நாகூர் போயி கடல் பாத்தவரு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"போனதில்லன்னு ஒத்துக்கிட்டா அப்புறம் எப்படிக் கூட்டிட்டு வருவீங்க? அதான் நம்பிக்கிட்டே இருந்தேன்."

ஓர் அலை வந்து அவள் சேலையை முழங்கால் வரை நனைத்தது. அவள் நகரவில்லை. சின்னப் பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு நின்றாள். பாய் கண்ணைத் துடைத்தார், மூக்கையும் துடைத்தார்.

"ஊருக்குப் போனதும் கொழும்பைப் பத்திச் சொல்ல ஆரம்பிங்க" என்றாள் சாரா. "நான் கப்பல் ஏறினதில்ல."

பாய் என் பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கொழும்புல எந்நேரமும் மழைதான் டீச்சர். குடை இல்லாம இறங்கக் கூடாது."