சம்பந்தியம்மாவும் மைக்ரோவேவும்

தென்காசியில், சம்பந்தி வீட்டு அடுப்படியில் என் மகள் நின்றாள். மருமகன் நின்றார். அவர் அக்கா நின்றாள். என் பெஞ்சாதி நின்றாள். நான் வாசல்படியில் நின்றேன். சம்பந்தியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, குற்றாலத்தில் குளித்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

நெட்டையான அம்மா. எதைத் தொடும் முன்னும் கையை முந்தானையில் துடைப்பார்.

கல்யாணச் சீராக நான் கொடுத்த மைக்ரோவேவில், புளியறையில் வாங்கின புரோட்டா சால்னாவை மகள் சூடாக்க வைத்தாள். வைத்தது எவர்சில்வர் கிண்ணம். எங்கள் வீட்டில் வேறு பாத்திரம் கிடையாது; மைக்ரோவேவில் அதை வைக்கக் கூடாதென்று அவளுக்குத் தெரியாது. உள்ளே படபடவென்று பொறி பறந்தது. மகள் கதவைத் திறக்கப் போனாள்.

"ஏட்டி, திறக்காத!"

சம்பந்தியம்மா எழுந்தார். அப்போதும் ஈரக்கையைத் துடைத்துவிட்டுத்தான் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். கதவை அமுக்கிக்கொண்டார். "உள்ள தீ இருந்தா, காத்து பட்டுப் பெருசாயிரும்."

அக்காக்காரி சிரித்தாள். "வந்த வாரமே வீட்டக் கொளுத்தப் பாக்குதா. நல்ல இடத்துலதான் பொண்ணு எடுத்திருக்கோம்."

மகள் தலை குனிந்துகொண்டாள்.

"கிண்ணத்த வச்சது நாந்தாம்ட்டி. என்னையச் சொல்லு," என்றார் சம்பந்தியம்மா.

வைத்தது என் மகள். எல்லாரும் பார்த்தோம்.

பொறி அடங்கினதும் கதவைத் திறந்து, உள்ளே கருகல் இல்லையென்று பார்த்துவிட்டு, பிளக்கைத் திரும்பச் சொருகி, பீங்கான் கிண்ணத்தை மகளிடம் நீட்டினார். "இதுல ஊத்து. நீயே பட்டன அமுக்கு."

ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை. என் மகள் வாக்கப்பட்டது அந்த அம்மா வீட்டில் என்று, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் என்னோடு மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு பேர்.