தங்கச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்கள்

எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே வர வேண்டியது பின்னே வரும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு மருமகள் தபால் வழியில் உளவியல் படிக்கிறாள். சத்தமாகப் படித்தால்தான் மண்டையில் நிற்குமாம். நான் மல்லிகை கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கு முதல் பாடம்.

"மனசைக் கண்ணால பாக்க முடியாது அத்த. ஆளு என்ன செய்றாங்கன்னு பாக்கணும், அவங்ககிட்டயே கேக்கணும். நாமளா ஒரு காரணத்தை ஒட்டவச்சிரக் கூடாது."

"இதுக்கா பரீட்சை வைக்கிறாக?"

"இதுலதான் அத்த போன தடவை பெயிலானேன்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கச்சி நினைவுக்கு வந்துவிட்டாள்.

அகரத்தில் அவள் புகுந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தபோது நான்தான் கூட இருந்தேன். பிள்ளையைத் தொட மாட்டாள். தலை சீவ மாட்டாள். சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாள்.

"பொட்டப்புள்ளன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அம்புட்டுத் திமிரு!" என்றார் அவள் மாமியார். நாங்களும் நம்பினோம். குறி சொல்லும் கோடாங்கியை அழைத்து உடுக்கடித்துக் கேட்டோம். பேய்க்காற்று அண்டியிருக்கிறது, நாற்பது நாள் பிள்ளையைப் பிரித்து வையுங்கள் என்றார். பிரித்து வைத்தோம். புட்டிப்பால் கொடுத்தது நான்.

ஒருநாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்குள்ள ஒண்ணுமே இல்லக்கா. புள்ள அழுதா பயமா இருக்கு" என்றாள்.

"எந்திரிச்சுக் குளிடி, எல்லாம் சரியாப் போயிரும்" என்றேன். என்ன பயம் என்று கேட்கவில்லை.

சோறு இறங்காத உடம்பு. மூன்றாம் மாதம் வந்த காய்ச்சலை அது தாங்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தப் பிள்ளையை நான் வளர்த்தேன். இப்போது பழனியில் வாக்கப்பட்டிருக்கிறாள். "நான் பொண்ணாப் பொறந்தேன்னு எங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கல, அப்படித்தானே பெரியம்மா?" என்று ஒரு தடவை கேட்டாள். வெஞ்சனத்துக்குக் காய் அரியணும் என்று எழுந்து போய்விட்டேன்.

இதையெல்லாம் சொன்னதும் எதிர்வீட்டுப் பெண் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"பேறுகாலத்துக்கு அப்பறம் இப்படி ஒரு நோய் வருமாம் அத்த. புள்ளைய வெறுத்தாங்கன்னு அர்த்தமில்ல. வைத்தியமும் இருக்கு. ஆனா நான் முதல் வருசந்தான், அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

பழனிக்குப் போய் அவளிடம் சொல்ல வேண்டும், உன் அம்மா உன்னை வேண்டாமென்று இருக்கவில்லை என்று. இந்தத் தடவையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர் யாராவது, டாக்டரிடமும் கேட்டு, நான் எழுதியது சரிதானா என்று பார்த்துப் பதில் போடுங்கள். அது வரும்வரை பஸ் ஏறாமல் இருக்கிறேன்.