சீட்டில் எழுதிய பெயர்

மூன்று வாரம் முன்பு மருமகள் சுதா என்னை இன்டர்நெட் சென்டருக்குக் கூட்டிப் போனாள். இங்கே மைசூர் அக்ரஹாரத்தில் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். பல தேசத்துத் தமிழர்கள் எழுதிப் பேசிக்கொள்கிற குழு ஒன்று அதில் இருக்கிறதாம். நான் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள்... அதற்காக வாயை மூடிக்கொண்டா இருக்க முடியும்?

"மொதல்ல பேர் கேட்குது அத்தே. நெஜப் பேர் பேடா, வேணாம். இங்க எல்லாரும் ஏதோ ஒரு பேர்லதான் இருக்காங்க."

ஒருவர் பெயர் புயல். இன்னொருத்தி நிலாப்பெண். பெற்றவர்கள் வைத்த பெயருக்கு என்ன குறை?

"பேர் அப்புறம். என்ன பேசுறாங்கன்னு படி" என்றேன். சேராமலே படிக்கலாமாம்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஊர் ஆஸ்பத்திரி ஃபாரத்தில் 'நீங்கள் என்ன இனம்' என்று ஒரு கட்டம் உண்டாம். சில இனத்தாருக்குச் சில நோய் அதிகம். அவர்களை முன்னால் பார்க்கத்தான் கேட்கிறார்களாம். நல்லதுதானே என்றார் ஒருவர். இன்று முன்னால் தள்ளுகிற கட்டம் நாளை பின்னால் தள்ளாதா என்றார் இன்னொருவர்.

படித்தவர்கள் சண்டை என்று சுதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில வருஷம் முன்பு, காவிரித் தகராறு மைசூரைப் பிடித்து ஆட்டிய சமயம். எங்கள் கிராமம் கௌதள்ளியிலிருந்து என் தங்கை செல்லாத்தாளை வயிற்றுவலியோடு இங்கே கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் நின்ற கட்டடவேலைக்காரர் தமிழில் ஏதோ கேட்டார். சீட்டு எழுதுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கடைசியில் போய் நில்" என்று கன்னடத்தில் சொன்னான்.

நான் விவரமானவள் இல்லையா? என் முறை வந்ததும் சுத்தக் கன்னடத்தில் பேசினேன். நோயாளி பெயர் கெம்பம்மா என்று ஒரு கன்னடப் பெயரைச் சொன்னேன். அவனும் எழுதிக் கொடுத்தான்.

தங்கையை பெஞ்சில் உட்கார வைத்தேன். "வாயத் தொறக்காத புள்ள. நம்ம பேச்சு தெரிஞ்சா கடைசிக்குத் தள்ளிப்போடுவாங்க."

"செரிக்கா" என்றாள். அப்புறம் முந்தானையைக் கடித்துக்கொண்டவள்தான்... முனகக்கூட இல்லை.

அவள் தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினாள். குழாயடியில் கூட்டம். நான் திரும்பி வரும்போது பெஞ்சில் பாதி காலி. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள்கூட உள்ளே போயிருந்தார்கள்.

குனிந்து தண்ணீர் கொடுத்தேன். அவள் என் காதருகே மெல்லச் சொன்னாள்:

"கெம்பம்மான்னு யாரையோ நாலு வாட்டி கூப்ட்டாங்கக்கா. பாவம், அந்தம்மா வரவே இல்ல."

வாயைத் திறக்காதே என்று சொன்னவள், உன் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

ஓடினேன். நர்ஸிடம் என் வாயில் வந்ததெல்லாம் தமிழ்தான். அந்தப் பெண் கோபிக்கவில்லை. "தமிழாதரேனம்மா, நோவு நோவே அல்வா?" என்றாள். தமிழானால் என்ன, வலி வலிதானே? அவளே ஓடிவந்து தங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

குடல் வெடித்திருந்தது. இன்னும் சீக்கிரம் உள்ளே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். மறுநாள் பொழுது சாய்வதற்குள் செல்லாத்தா போய்விட்டாள்.

சீட்டு எழுதியவனை ரொம்ப நாள் திட்டினேன். அவன் செய்ததும் தப்புதான். ஆனால் அவளைப் பின்னால் தள்ளியது அவனில்லையே...

இதைக் குழுவில் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்று சென்டரில் சுதா மறுபடி கேட்டாள்: "சேரணும்னா பேர் போடணும் அத்தே. என்ன போடட்டும்?"

"செல்லாத்தா."

"அது சின்னத்தை பேராச்சே?"

"தெரியும். போடு."

இப்போது தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள். வாங்க செல்லாத்தா... சாப்பிட்டீங்களா செல்லாத்தா... சுதா வாசித்துக் காட்டுவாள்.

ஒரு தடவை கூப்பிட்டால் போதும் — உடனே பதில் சொல்லிவிடுகிறேன்.