பழைய எழுத்துருப் பத்திரங்கள்

திருவண்ணாமலையில் நான் வேலை பார்த்த டைப்பிங் சென்டர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியதும், பழைய எழுத்துருவில் அடித்திருந்த பத்திரங்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தன. அவற்றை யூனிகோடில் மறுபடி அடிக்கும் வேலை, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் டைப்பிஸ்ட் அக்காவுக்கு. அவர் விரல்களுக்குத் தைலம் தடவுவதைப் பார்த்து, எழுத்துருவைத் தானாக மாற்றும் ஒரு சிறு நிரலை எழுதினேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மொத்தமும் மாறிவிட்டது.

முதலாளி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஓசி சாஃப்ட்வேரே போதும்போல! யம்மா, நாளையில இருந்து நீங்க வர வேணாங்க. பஸ் அலைச்சல் கம்மியாயிடும்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நான் உன்னைக் கேட்டனாம்மா?"

அக்கா எழுந்துவிட்டார். முதலாளி அந்த நாற்காலியை இழுத்து, வாசலில் நின்ற வாடிக்கையாளருக்குப் போட்டார்.