பனிமலையைப் பற்றி நான் பேசிய பேச்சு

மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் நான் பேசிய ஒரு பேச்சால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. இன்றைக்கும் அம்மா அதைச் சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும். அந்தப் பேச்சில் நான் ஒரு வார்த்தைகூட விடவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

அப்பாவுக்குத் திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை. அம்மாவின் ஒரே தங்கையான என் சித்தி, இமயமலையில் ஒரு பனிச்சறுக்கு மைதானத்தில் வேலை பார்த்தாள். காலில் நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்க ஆட்களைப் பழக்குவது அவள் தொழில். திருச்சி வெயிலில் நின்றுகொண்டு இதை யாரிடம் சொல்ல முடியும்? டெல்லியில் ஆபீஸ் வேலை என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

தாத்தாவும் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டதால், சித்தியைக் கரையேற்றும் பொறுப்பு தன் தலையில் விடிந்ததாக அம்மாவுக்கு நினைப்பு. லீவுக்கு வந்த சித்தியின் பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது.

"இனிமே மலையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்" என்றாள் அம்மா.

"நான் திரும்பிப் போகணும்க்கா. எனக்கு அந்த வேலைதான் வேணும்" என்று சித்தி ஆரம்பிக்கும்போதெல்லாம் அம்மா மிக்சியைப் போட்டுவிடுவாள். அப்பா பேப்பரைத் திருப்புவார். அந்த வீட்டில் வாயைத் திறந்தால் எல்லோரும் காதுகொடுத்துக் கேட்டது என்னை மட்டும்தான். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிகளில் நான் புலி. வீட்டுக்கு யார் வந்தாலும், "பாப்பா, ஒரு பேச்சு பேசிக் காட்டு" என்பாள் அம்மா. வந்தவர்கள் பாவம், காபி ஆறும்வரை கேட்டே ஆகவேண்டும்.

"ஸ்கூல் திறந்ததும் பேச்சுப்போட்டி வருதுடி. தலைப்பு, நான் அறிந்த பனிமலை. நான் சொல்லித் தரேன்" என்றாள் சித்தி. தாளில் எதையும் எழுதவில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் அவள் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். எங்கே கையை நீட்ட வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்றுகூடப் பழக்கினாள்.

"நடுவுல யாரு என்ன சொன்னாலும் நிறுத்தக் கூடாது. நன்றி, வணக்கம் சொல்ற வரைக்கும் பேசணும். நிறுத்தினா பரிசு கிடையாது."

பெண் பார்க்க வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் முடிந்தன. பேச விஷயமில்லாமல் மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். அவருடைய அம்மா எங்கள் சுவரைப் பார்த்தார். அந்த மௌனம் தாங்காமல் அம்மாதான் என்னை முன்னால் தள்ளினாள். "எங்க பாப்பா ரொம்ப நல்லாப் பேசுவா."

நான் கை கூப்பினேன். "அவையோர்க்கு என் வணக்கம். கோடையில் அந்த மலையில் ஆட்டு மந்தைகள் மேயும். முற்காலத்தில் ராணுவ வீரர்கள்தான் அங்கே சறுக்கப் பழகினார்கள். பலகைகளைத் தோளில் சுமந்து மேலே ஏறினார்கள். பிறகு லாரி எஞ்சினில் கயிற்றைக் கட்டி ஆட்களை இழுத்தார்கள். இப்போது நம் பழனியைப் போல அங்கும் ரோப் கார் வந்துவிட்டது."

"அடடே, குழந்தைக்கு எவ்வளவு விஷயம் தெரியுது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"புதியவர்களுக்குச் சாய்வு குறைந்த சரிவு. தேறியவர்களுக்குத் தேவதாரு மரங்களுக்கு நடுவே செங்குத்தான சரிவு. பனி பொய்த்த வருடங்களில் எந்திரத்தால் பனி தூவுவார்கள். அங்கே முதல் பாடம், விழுவது எப்படி என்பதே. அந்தப் பாடத்தை ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடத்துபவர் என் சித்தி."

"போதும்டி. உள்ள போ" என்றாள் அம்மா.

என்னிடமா? நான் குரலை ஏற்றினேன். "பேன்ட் அணிந்து, பலகை பூட்டி, காற்றைப் போல இறங்குவார் என் சித்தி." அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "தோள் எலும்பு முறிந்தும் அடுத்த குளிர்காலமே மலையேறினார். யார் தடுத்தாலும் அந்த மலைக்கே திரும்புவார். நன்றி, வணக்கம்."

ஒருவரும் கைதட்டவில்லை.

"டெல்லின்னு சொன்னீங்களே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

காபித் தட்டோடு நின்றிருந்த சித்தி தலையை நிமிர்த்தினாள். "டெல்லி இல்லைங்க. பாப்பா சொன்னதுதான் நிஜம். அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது."

போய்ச் சொல்லி அனுப்புவதாகக் கூறி எழுந்து போனவர்கள் எதையும் சொல்லி அனுப்பவில்லை. அம்மா என் தொடையில் வைத்த கிள்ளு ஒரு வாரம் கன்றியிருந்தது. நான் அழவில்லை. எங்கேயும் திக்காமல் பேசியவளைக் கிள்ளுவது என்ன நியாயம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த வாரக் கடைசியில் அம்மா பீரோச் சாவியைச் சித்தியின் முன்னால் வீசி எறிந்தாள். "எக்கேடும் கெட்டுப் போ."

ஜங்ஷனில் ரயில் கிளம்பும் நேரம், சித்தி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் வழியாக என் கையில் கட்டினாள். "இந்தா, உன்னோட முதல் பரிசு."

"போட்டி இன்னும் நடக்கவே இல்லையே சித்தி?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ரயில் நகர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த அன்றே டீச்சரிடம் போய்ப் பேர் கொடுத்தேன். அப்படி ஒரு போட்டியே கிடையாது என்றார். நான் விடுவேனா? கடிகாரக் கையை நீட்டிக் காட்டிச் சண்டை போட்டேன். பரிசே என் கையில் இருக்கும்போது போட்டி எப்படி இல்லாமல் போகும்?